அசரியா அத்தான் நித்திரையடைந்த சனிக்கிழமை

எங்கள் சபையில் முதியோரின் தனிமை 1970-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஜனங்கள் செருப்பைத் தேடப் போவதற்குள், ஏகமனதாக ஒழிக்கப்பட்டது.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் திரு. தனசிங். கோட்டையில் ஏதோ ஓர் இலாகாவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதிரில் மேசை இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது என்பதால் காணிக்கை மேசையை நகர்த்திப் போட்டார்கள். அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு அவர் சொன்னார்:

"நம் நடுவே முதியவர்கள் தனிமையில் வாடுகிறார்கள். இந்த நிமிடம் முதல் வாட மாட்டார்கள்."

இதற்காக முதியோர் சந்திப்புச் சங்கம் என்று ஒன்று அங்கேயே உண்டானது. தனசிங் தலைவர், பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த வில்பிரட் செயலாளர். சனிக்கிழமை மாலைகளில் சங்கத்தார் ஒரு முதியவர் வீட்டுக்குப் போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். இவ்வளவுதான் திட்டம். எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடித்த பிறகும் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைதட்டல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அசரியா அத்தான்.

அத்தான் என் அக்கா ஞானசௌந்தரியின் கணவர். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். வண்டியின் கடைசிப் பெட்டியில், பிரேக் வேனில், பச்சைக் கொடியும் விளக்குமாகத் தனியாக நின்றே காலம் கழித்தவருக்குத் தனிமை பழகியிருக்க வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். அது வேறு. அங்கே அவர் கொடியை ஆட்டினால் முன்னாலிருந்து ஓர் ஊதல் பதில் வரும். அக்கா போன பிறகு சேலையூர் வீட்டில் எதற்கும் பதில் வரவில்லை. ஒரே மகன் பிலாயில். நான் ரயில் பாதைக்கு மேற்கே, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், என் விதவை வாழ்க்கையோடு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆராதனை முடிந்து அவரோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

ஒரு ஞாயிறு சாப்பிடும்போது அத்தான் சொன்னார்: "நேத்து எனக்கு ஒரு சந்தேகம் வந்துட்டு ரத்தினா. மழையில நான் எங்கயும் போகல, வீட்டுக்கும் யாரும் வரல, நாம பேசி ரெண்டு நாளாச்சே, குரல் இருக்குதா போயிட்டுதான்னு. கதவைச் சாத்திக்கிட்டு இருமிப் பாத்தேன்."

"இருந்துதா?"

"இருந்துது. ஆனா என்னோடது மாதிரி இல்ல."

அவருக்கு மிஞ்சியிருந்தது தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சு. சாயங்காலம் அங்கே ஓய்வுபெற்ற ரயில்காரர்கள் சிலர் சேர்ந்து, போகிற வருகிற வண்டிகளின் கார்டுகள் கொடி பிடிக்கும் அழகைக் குறை சொல்வார்கள். அத்தான் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவார். அந்த இரண்டு வார்த்தையில் அடுத்த நாள் சாயங்காலம் வரை ஓட்டிவிடுவார்.

சங்கம் தொடங்கிய அன்று வில்பிரட் அவரிடம் வந்து, "ஐயா, உங்க பேர்தான் ஃபர்ஸ்ட்டு. சாட்டர்டே ரெடியா இருங்க" என்றார்.

அத்தான் ரெடியானார். பிரம்பு நாற்காலிகளுக்குப் புதிதாகப் பின்னல் போடச் சொன்னார். அக்கா பூ வேலை செய்த மேசைவிரிப்பை வெளியே எடுத்தார். வீட்டு வேலை செய்யும் செல்லம்மாவிடம் பால் எடுத்து வைக்கச் சொன்னார். பிஸ்கட் டப்பாவை நிரப்பினார். சனிக்கிழமை மதியமே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

யாரும் வரவில்லை. மறுநாள் வில்பிரட் காரணம் சொன்னார்.

"காப்பியில ஒரு சிக்கல் ஐயா. நாங்க வந்தா நீங்க காப்பி குடுப்பீங்க. குடிச்சா முதியவருக்குச் சிரமம் குடுத்த மாதிரி. குடிக்கலேன்னா மனசு நோகும். பிரசிடென்ட் இதுக்கு ஒரு உபகுழு போட்டிருக்கார். முடிவு வந்ததும் உடனே வந்துடுவோம்."

"நான் வேணா காப்பி குடுக்காம இருந்துடுறேனே" என்றார் அத்தான்.

"அதை நீங்க முடிவு பண்ண முடியாது ஐயா. நீங்க பயனாளி."

காப்பி உபகுழு மழைக்காலம் முழுவதும் கூடியது. கூடியபோதெல்லாம் அவர்கள் காப்பி குடித்ததாகக் கேள்வி. இடையில் வில்பிரட், "சாட்டர்டேன்னு கணக்கு வெச்சுக்காதீங்க, எந்த நாளும் வருவோம், வீட்லயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு அத்தான் ஸ்டேஷனுக்குப் போவதை விட்டுவிட்டார். பெஞ்சுக்காரர்கள் ஒருமுறை வீட்டு வாசல்வரை வந்து, "இன்னா கார்டு, ஆளே காணோம்?" என்று கூப்பிட்டார்கள். "சங்கத்துல இருந்து வராங்க, இப்ப நகர முடியாது" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். பிறகு அவர்களும் கூப்பிடவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. அவர் சட்டையின் கழுத்து ஒவ்வொரு வாரமும் ஒரு சுற்றுப் பெரிதாகிக்கொண்டிருந்தது. "வாங்க அத்தான், மாடம்பாக்கம் ஏரி வரைக்கும் காலாற நடந்துட்டு வரலாம்" என்றேன்.

"சிக்னலுக்கு நிக்கிற வண்டி ரத்தினா. கார்டு இறங்கிப் போகக் கூடாது."

தை மாதம் சங்கத்தார் சந்திப்புக்கு ஒத்திகை பார்த்தார்கள். முதியவரிடம் எப்படிச் சிரிப்பது, எந்த அளவு சத்தமாகப் பேசுவது என்பதில் உறுப்பினர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று தலைவர் கருதினார். சபை மண்டபத்தில் வில்பிரட் சால்வையைப் போர்த்திக்கொண்டு தனிமையில் வாடும் முதியவராக உட்கார்ந்தார். உறுப்பினர்கள் சுற்றிலும் அமர்ந்தார்கள். முதல் கேள்வியைத் தலைவர்தான் கேட்க வேண்டும் என்பது விதி. தனசிங் குனிந்து, அவர் காதருகில், "ஐயா, எப்படி இருக்கீங்க?" என்று உரக்கக் கேட்டார். வில்பிரட் இருமினார். ஒரு பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருவர் பழைய காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். வில்பிரட் ஒரு மணி நேரம் பழைய காலத்தைப் பற்றிச் சொன்னார். அவருக்கு வயது முப்பத்தைந்து.

அத்தான் மண்டபத்துக்கு நாற்காலிகள் தூக்கிவந்து கொடுத்தார். பிறகு கதவருகே நின்று முழுவதையும் பார்த்தார். வரும் வழியில் என்னிடம், "நல்லாத்தான் பேசுறாங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் வந்த சனிக்கிழமை அதற்குப் பிந்திய வாரங்களில் ஒன்று. அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் செல்லம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஜனங்கள் ஒருவர் இறந்தால் இறந்தார் என்று சொல்வதில்லை. கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்போம். அக்கா போனபோது வந்தவர் போனவர் எல்லோரும் இந்த வார்த்தையையே சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்த செல்லம்மா, மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம் அதற்கு அர்த்தம் கேட்டிருக்கிறாள். தூக்கம் என்று அவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். சோற்றுக்குப் போஜனம் என்பதுபோலத் தூக்கத்துக்கு இது மரியாதையான பேச்சு, பெரிய மனிதர் வந்தால் சொல்ல வேண்டியது, என்று செல்லம்மா மனதில் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின இரவுகளில் அத்தான் தூங்கவில்லை. மதியம் ரசஞ்சாதம் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கோட்டோடு ஈசிசேரில் சாய்ந்தவர் கண்ணயர்ந்துவிட்டார். அப்போது வேன் வந்து நின்றது. தலைவர், செயலாளர், பின்னால் உறுப்பினர்கள். செல்லம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். அங்கே நடந்த பேச்சை அவள் வாயாலேயே நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"ஐயா இருக்காங்களா?" என்றார் வில்பிரட்.

"ஐயா நித்திரை அடைஞ்சிட்டாருங்க."

தனசிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எப்போ?"

"இப்பத்தாங்க. போஜனம் பண்ணிட்டு ஈசிசேர்ல சாஞ்சாரு. அவ்ளோதான்."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இன்னாத்துக்குங்க கஷ்டம்? நாலு நாளா கண்ணை மூடாம பேஜார் பட்டுகினு இருந்தாரு பாவம். இப்பத்தான் நிம்மதி. மூஞ்சியே கொயந்த மாதிரி கீது."

பெண்மணி ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வில்பிரட் தொண்டையைச் செருமி, "கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்றார்.

"உங்களைத்தான் கேட்டுகினே இருந்தாரு. அவங்க வந்தா என்னை எழுப்புன்னாரு. எழுப்பட்டுங்களா?"

தனசிங் வானத்தைப் பார்த்தார். "அது நம்ம கையில இல்லம்மா" என்றார். "கடைசி நாள்ல எழுப்பப்படுவார்."

அந்தப் பெண்மணி கேட்டைத் திறக்கப் போனாள். தலைவர் தடுத்தார். "நாம சந்திப்புச் சங்கம். இது இனிமே ஆறுதல் குழுவோட வேலை. அவங்க எல்லைக்குள்ள நாம காலெடுத்து வைக்கக் கூடாது." எல்லோரும் கேட்டுக்கு வெளியிலேயே தலைகுனிந்து நின்றார்கள். அத்தான் அவர்களிடமிருந்து ஒரு சுவர் தூரத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். வேன் திரும்பிப் போனது.

எனக்குச் செய்தி சைக்கிளில் வந்தது. ரிக்‌ஷாவில் ஏறினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. அதற்கு முடிவே இல்லை. ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து, கடைசியில் பிரேக் வேன் வந்தது. அதில் ஓர் இளைஞன் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அத்தான் பார்த்திருந்தால் திட்டியிருப்பார் என்று தோன்றியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கேட் திறந்தும் ரிக்‌ஷா நகருவதாக இல்லை. கேம்ப் ரோடு திரும்பும்போது கோயில் மணி கேட்டது. சாவு மணி. ஒன்று, பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொன்று.

வீட்டு வாசலில் கூட்டம் இல்லை. உள்ளே ஓடினேன். அத்தான் முக்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? யாரு ரத்தினா? மணி அடிக்குதே. அடக்கத்துக்குப் போகணும், கிளம்பிட்டிருக்கேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன். பாலிஷ் என் விரலில் ஒட்டியது. கை சூடாக இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு வேறு துக்கம். "அவங்க வந்துட்டுப் போயிட்டாங்களாம் ரத்தினா. செல்லம்மா சொல்லுதா. நான் தூங்கிட்டேன். சர்வீஸ் முழுக்க ஒரு ராத்திரி கண்ணசந்ததில்ல. டியூட்டியில தூங்கிட்டேன்."

செல்லம்மாவை விசாரித்ததும் எனக்கு எல்லாம் விளங்கியது. அத்தானுக்கு மெல்லச் சொன்னேன். அவர் ஷூவைக் கீழே வைத்தார். மணியோசை கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அதைக் காது கொடுத்துக் கேட்டார். "ரொம்ப நேரம் அடிக்கிறாங்க" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சபை மண்டபத்தில் அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனபோது எல்லோரும் மௌன அஞ்சலிக்காக எழுந்து நின்றார்கள். அத்தான் தமக்காகத்தான் எழுந்தார்கள் என்று நினைத்து, "உக்காருங்க, உக்காருங்க" என்றார்.

ஒருவர் பின்னால் சாய்ந்து நாற்காலியைத் தள்ளிவிட்டார். தனசிங் மட்டும் மௌனம் முடியும்வரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்த பிறகு அத்தானை வெகுநேரம் பார்த்தார்.

"மிஸ்டர் அசரியா, நீங்க உயிரோட இருக்கறதுல தனிப்பட்ட முறையில எனக்குச் சந்தோஷம்தான்" என்றார். "ஆனா சங்கம்னு ஒண்ணு இருக்கு."

"வேலைக்காரி சொன்ன வார்த்தையில வந்த தப்பு சார் இது. மணியை நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

"தப்புன்னு எப்படிச் சொல்ல முடியும் டீச்சர்? எங்களுக்கு வந்த தகவல் முறையான வார்த்தையில வந்தது. அதன்பேர்ல தீர்மானம் போட்டாச்சு. போதகர் மாநாட்டுக்குப் போயிருக்கார். அவர் இல்லாம ரத்து பண்ண முடியாது."

வில்பிரட் கையைப் பிசைந்தார். "நாளைக்கு ஈவினிங் இரங்கல் கூட்டம் ஐயா. மைக் செட் சொல்லியாச்சு. புரொஃபசர் ஜீவரத்தினம் ஒத்துக்கிட்டார். எத்தனை நாளா அவரைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தோம்! இப்பப் போய் ஆள் இருக்கார்னு எப்படிச் சொல்றது?"

"எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி" என்றார் அத்தான். "மறுபடி எப்ப வீட்டுக்கு வருவீங்க?"

தலைவர் மேசையின் விளிம்பைத் தடவினார். "அது கொள்கை சம்பந்தப்பட்ட கேள்வி" என்றார். "கூட்டம் முடியட்டும். நீங்களும் வரலாம். தடையில்லை. ஆனா கடைசி வரிசையில உக்காருங்க. பேசறவங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

மறுநாள் மண்டபம் நிரம்பியிருந்தது. அக்காவின் சாவுக்குக்கூட இத்தனை பேர் வரவில்லை. தெரிந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது அத்தானைப் பார்த்து அசௌகரியமாகத் தலையசைத்து, வேறு பக்கம் உட்கார்ந்தார்கள். எங்கள் வரிசையில் மற்ற நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

தனசிங் பேசினார். "அசரியா என்னும் மாமனிதரை நான் நெருங்கி அறிந்தவன். கேம்ப் ரோடு வழியாகப் போகும்போதெல்லாம் அவர் வீட்டு விளக்கை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போக வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எண்ணியிருக்கிறேன். அந்த எண்ணத்தின் ஆழத்தை யாரால் அளக்க முடியும்? உள்ளே போயிருந்தால் அது வெறும் ஒரு சந்திப்பு. போகாததால் அது ஏக்கமாக வளர்ந்தது."

வில்பிரட் பேசினார். "ஐயா கடைசி மூச்சுவரை எங்களை எதிர்பார்த்துக்கிட்டே இருந்தார். ஒரு சங்கத்துக்கு இதைவிட என்ன பாராட்டு வேணும்?"

கடைசியாகப் புரொஃபசர் ஜீவரத்தினம் எழுந்தார். பட்டணத்துக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். இறந்தவரைத் தமக்குத் தெரியாது என்பதால், சிறுகதைகளில் முதுமையின் தனிமை என்ற பொருளில் பேசப்போவதாகச் சொன்னார். அழகான குரல். ஏதோ ஒரு கதையைச் சொன்னார். அதில் ஒரு கிழவர் தினமும் இரண்டு தம்ளரில் காப்பி ஊற்றுகிறார். ஒன்றைத் தாம் குடித்துவிட்டு, மற்றது ஆறும்வரை எதிரே உட்கார்ந்திருந்து, பிறகு அதைச் செடிக்கு ஊற்றிவிடுகிறார். கதை முழுவதும் இவ்வளவுதான் என்றார் புரொஃபசர். மண்டபம் முழுவதும் மூக்கு உறிஞ்சும் சத்தம். தனசிங் கைக்குட்டையை எடுத்தார்.

அத்தான் அழுதுகொண்டிருந்தார். என் பக்கம் சாய்ந்து, "பாவம் ரத்தினா. யாராவது அந்த ஆளைப் போய்ப் பாத்திருக்கலாம்" என்றார்.

வில்பிரட் நன்றியுரைக்கு எழுந்தபோது அத்தானும் எழுந்துவிட்டார். நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் உட்காரவில்லை. மண்டபம் முழுவதும் திரும்பியது. மைக் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

"நேரம் இல்லை" என்றார் தனசிங், மேடையிலிருந்து.

அத்தான் இருமி, குரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல. சனிக்கிழமை வீட்லதான் இருப்பேன். வாங்க. இந்தத் தடவை தூங்க மாட்டேன்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் புரொஃபசரைச் சுற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிந்திய சனிக்கிழமைகளில் அத்தான் ஈசிசேரில் உட்காரவில்லை. முதுகு சாய முடியாத முக்காலியைக் கதவுக்கு நேரே போட்டுக்கொண்டார். யாரும் வரவில்லை. வர மாட்டார்கள் என்று எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. நான் கேட்டபோது வில்பிரட் சொன்னார்: "ஒருத்தருக்கு இரங்கல் நடத்திட்டா சந்திப்பு கிடையாது டீச்சர். ரெண்டும் ஒருத்தருக்கே போனா மத்த முதியவங்க என்ன நினைப்பாங்க?" இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. மற்ற முதியவர்கள் யார் வீட்டுக்கும் அவர்கள் போனதாக நான் கேள்விப்படவும் இல்லை. வேனுக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அவரைப் பார்க்கப் போனேன். செல்லம்மா அடுப்படியில் இருந்தாள். அத்தான் முக்காலியிலிருந்து ஈசிசேருக்கு மாறியிருந்தார். கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன. கையைத் தொட்டேன். இந்தத் தடவை சூடு இல்லை.

செல்லம்மாவைத்தான் செய்தி சொல்ல அனுப்பினேன். அவள் வார்த்தையைத் திருத்திக்கொண்டிருந்தாள். வில்பிரட் வீட்டு வாசலில் நின்று, "ஐயா செத்துட்டாரு" என்றாள்.

"நித்திரையா, செத்துட்டாரா? சரியா சொல்லு."

"செத்துத்தான்."

வில்பிரட் தனசிங்கிடம் ஓடினார். ஒருமுறை ஏமாந்த சங்கம் மறுமுறை ஏமாறக் கூடாது என்றார் தனசிங். நேரில் பார்த்து, ஐயமில்லாமல் தெரிந்த பிறகுதான் மணி.

அப்படித்தான் அவர்கள் வந்தார்கள். மழையில் குடைகளை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பின்னல் புதிதாக இருந்ததால் கிரீச்சென்றது. செல்லம்மா அவர்களைப் பார்த்தாள். பிறகு ஈசிசேருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஐயா, அவங்க வந்துகீறாங்க" என்றாள். எழுப்பச் சொல்லியிருந்தாரே.

தனசிங் எழுந்து, ஒத்திகையில் செய்ததுபோலக் குனிந்து, அத்தானின் காதருகில் உரக்கக் கேட்டார்:

"ஐயா, எப்படி இருக்கீங்க?"

எல்லோரும் காத்திருந்தார்கள். கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. தனசிங் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "எதுக்கும் கொஞ்சம் பார்ப்போம்" என்றார்.

பார்த்தார்கள். அத்தானின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லம்மா காப்பி கொண்டுவந்தாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உபகுழுவின் முடிவு அதுவரை வந்திருக்கவில்லை. தனசிங் முதலில் தம்ளரை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள். பிஸ்கட் டப்பா சுற்றி வந்தது. ஒருவர் மெல்லிய குரலில் கூட்ஸ் வண்டி ஒன்று வண்டலூர் தாண்டித் தடம் புரண்டதைப் பற்றிப் பேசினார். இன்னொருவர், ஐயா கார்டாக இருந்தாரல்லவா என்று கேட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு போனார்கள். மணி அடித்தது.

அடுத்த ஆகஸ்டில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஆராதனைக்குப் பிறகு நடந்தது. காணிக்கை மேசையை நகர்த்திப் போட்டார்கள். முதல் சந்திப்பு வெற்றிகரமாக நிறைவேறிவிட்டதாக வில்பிரட் அறிவித்தார். முழுதாக ஒரு மணி நேரம் நடந்த அந்தச் சந்திப்பில், சம்பந்தப்பட்ட முதியவரிடமிருந்து எந்தக் குறையும் வரவில்லை என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டி, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.